ஸ்டீராய்டைக் குறைக்கும் காலத்தில் உடற்பயிற்சி: ஒரு எளிய விளக்கம்

ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். 40 மில்லிகிராமிலிருந்து 30-க்கு இறங்கியது தெரியவே இல்லை. 20-க்கு வந்ததும் பெரிய விஷயமாக இல்லை. ஆனால் 7-லிருந்து 6-க்கு இறங்கிய வாரம் படுக்கையை விட்டு எழவே மனம் வரவில்லை. ஒரே ஒரு மில்லிகிராம்! அதற்கா இவ்வளவு பாடு என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் புரியாது. இதற்கு நடுவில் நடக்கலாமா, ஓடலாமா, எடை தூக்கலாமா என்ற குழப்பம் வேறு.

ஜிம்மில் உடம்பை ஏற்றுவதற்காகச் சிலர் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. அது ஆண் ஹார்மோன் வகை, தசையைப் பெருக்கும். இங்கே பேசுவது ப்ரெட்னிசோலோன், மெத்தில்ப்ரெட்னிசோலோன், டெஃப்லாசகார்ட், டெக்சாமெத்தசோன் போன்ற குளூக்கோகார்ட்டிகாய்டுகளைப் பற்றி. முடக்குவாதம், லூபஸ், பாலிமயால்ஜியா ருமாட்டிகா (தோள், இடுப்புப் பகுதியில் வலியும் விறைப்பும் வரும் நோய்), அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண் நோய்), கடும் ஆஸ்துமா என்று அழற்சி சார்ந்த பல நோய்களுக்கு இவற்றைக் கொடுப்பார்கள். இவை அதிக அளவில், நீண்ட நாள் உள்ளே போனால் தசையைக் கரைக்கும். இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் ப்ரெட்னிசோலோன் கணக்கு. வேறு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு தோராயமான ஒப்பீடு: ப்ரெட்னிசோலோன் 5 மி.கி. என்பது மெத்தில்ப்ரெட்னிசோலோன் 4 மி.கி.க்கும், டெஃப்லாசகார்ட் 6 மி.கி.க்கும், டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி.க்கும் சமம்.

உடம்பு ஏன் முரண்டு பிடிக்கிறது

சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரையைச் சமாளிப்பது, காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளைத் தாங்க வைப்பது எல்லாம் அதன் வேலை. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போய்விடும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்வதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும் என்பது இன்னொரு காரணம்.

எவ்வளவு கார்ட்டிசால் வேண்டும் என்பதை மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் முடிவு செய்கின்றன. மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் தானாக நின்றுவிடும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ வெளியிலிருந்து லாரித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த மோட்டார் ஓடவே ஓடாது. மாதக்கணக்கில் ஓடாத மோட்டார், லாரி வருவது நின்ற மறுநாளே சுவிட்சைப் போட்டதும் கிளம்பிவிடுமா? மாத்திரை சாப்பிடும் காலத்தில் பிட்யூட்டரி உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, உத்தரவு வராத அட்ரினல் சுருங்கிப்போகிறது. மறுபடி முழு வேகத்துக்கு வரச் சிலருக்குச் சில வாரம் போதும். சிலருக்கு 6 மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும்.

இப்போது அந்த ஒரு மில்லிகிராம் கணக்குக்கு வருவோம். ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 4 முதல் 6 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்கு ஈடாகும். 40 மி.கி. சாப்பிடும்போது தேவையைப் போல ஏழெட்டு மடங்கு உள்ளே போகிறது. அதில் பத்தைக் குறைத்தாலும் உடம்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் 6-லிருந்து 5, 5-லிருந்து 4 என்று வரும்போது உடம்பின் அடிப்படைத் தேவையிலேயே கை வைக்கிறோம். குறையும் பங்கை சுரப்பி எழுந்து வந்து நிரப்பியாக வேண்டும். அது இன்னும் சோம்பலாக இருந்தால் நமக்குத் தள்ளாட்டம்தான்.

மருத்துவ உலகம் இதைக் கொஞ்சம் கசப்பாகத்தான் கற்றுக்கொண்டது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. 1952-ல் இன்னொரு பாடமும் பதிவானது. கார்ட்டிசோன் எடுத்து வந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு, அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்த மருந்தை நிறுத்தினார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போன அவரைக் காப்பாற்ற முடியவில்லை. சுரப்பி சுருங்கிப்போயிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதே என்று இன்று எல்லா மருத்துவர்களும் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

குறைப்பது எப்படி நடக்கும்

மூன்று நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும் கோர்ஸ் என்றால், சுரப்பியைப் பொறுத்தவரை படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் பொதுவாக இருக்காது. நோய் திரும்பாமல் இருக்கத்தான் சில சமயம் குறைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள். அதற்கு மேல் நீண்டால் கதை வேறு.

பொதுவான வழக்கம் இப்படி இருக்கும். 40-க்கு மேல் இருந்தால் வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. குறைப்பார்கள். 40-க்கும் 20-க்கும் நடுவில் வாரத்துக்கு 5. 20-லிருந்து 10 வரை, ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒன்று முதல் இரண்டரை. பத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஒன்று ஒன்றாகத்தான், அதுவும் பல நோய்களில் மாதத்துக்கு ஒரு முறை. பாலிமயால்ஜியா ருமாட்டிகாவில் 10 மி.கி.க்கு வந்தபின் நான்கு வாரத்துக்கு 1 மி.கி. என்பது வழக்கமான வேகம். அப்படிப் பார்த்தால் பத்திலிருந்து பூஜ்ஜியத்துக்கு வரவே முக்கால் வருடத்துக்கு மேல் ஆகும். இதைக் கேட்டதும் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அவசரப்பட்டு இறங்கி, நோய் கிளம்பி, மறுபடி 20-லிருந்து ஆரம்பிப்பதை விட இது குறுக்கு வழி.

ஒரு மில்லிகிராம் கூடத் தாங்கவில்லை என்றால், ஒரு நாள் 7, மறுநாள் 6 என்று மாற்றி மாற்றிச் சில வாரம் ஓட்டச் சொல்வதும் உண்டு. அரை மாத்திரை தேவைப்படும்போது ஒன்றைக் கவனியுங்கள்: குடலில் போய்க் கரைவதற்காக மேல்பூச்சு போட்ட மாத்திரைகளை உடைக்கக் கூடாது. பூச்சில்லாத, சிறிய அளவு மாத்திரையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

5 மி.கி. அருகே வந்ததும் சில மருத்துவர்கள் காலை எட்டு, ஒன்பது மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். முந்தைய நாள் மாத்திரைக்கு 24 மணி நேரமாவது கழித்து, அன்றைய மாத்திரையைப் போடாமல் போக வேண்டும். ஏனென்றால் ப்ரெட்னிசோலோனையே கார்ட்டிசால் என்று சில சோதனைகள் தப்பாக எண்ணிவிடும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். 5-க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். நடுவில் இருந்தால் அதே அளவில் இருந்துகொண்டு சில வாரம் கழித்து மறுபடி சோதனை.

ஒரே முகம் கொண்ட மூன்று பேர்

டோஸ் குறைந்த வாரத்தில் உடம்பு வலித்தால் அதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பழைய நோய் கிளம்பியிருக்கலாம். சுரப்பி போதாமல் இருக்கலாம். அல்லது சுரப்பி ஓரளவு வேலை செய்தாலும், அதிக அளவுக்குப் பழகிய உடம்பு அது இல்லாமல் ஏங்கலாம். இந்த மூன்றாவதை ஸ்டீராய்டு விலகல் அறிகுறி என்பார்கள். மூன்றிலுமே அசதி, மூட்டு வலி, தசை வலி, எரிச்சல், மனச்சோர்வு வரும். அதனால்தான் நோயாளியும் குழம்பி, மருத்துவரும் குழம்பி நிற்கும் நிலை வருகிறது.

கொஞ்சம் பிரித்துப் பார்க்க வழி உண்டு. நோய் திரும்பினால் அதன் பழைய அடையாளங்களோடு வரும்: முடக்குவாதத்தில் விரல் மூட்டு வீங்கும், காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கை மடங்காது, குடல் நோயில் மலத்தில் ரத்தம் வரும், ஆஸ்துமாவில் இழுப்பு. அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தச் சோதனைகளின் அளவும் பெரும்பாலும் ஏறும். சுரப்பி போதாவிட்டால் பசி போகும், குமட்டும், எடை இறங்கும், எழுந்து நின்றதும் தலை சுற்றும். விலகல் அறிகுறி என்றால் உடம்பெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் வந்தது போல வலிக்கும், ஆனால் வீக்கம் இருக்காது; அதே அளவில் இருந்தால் ஓரிரு வாரத்தில் தணியத் தொடங்கும்.

இந்த மூவரோடு நான்காவதாக ஒருவரையும் நாமே கூட்டி வந்து சேர்த்துவிடுகிறோம். புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியின் வலி! டோஸ் குறைந்த அதே திங்கட்கிழமை ஜிம்முக்கும் பணம் கட்டினால், புதன்கிழமை தொடை வலிக்கும்போது யாரைக் குற்றம் சொல்வது? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டோஸ் குறையும் வாரத்தில் பயிற்சியை ஏற்றாதீர்கள். பழகிய அளவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வைத்திருங்கள். உடம்பு நிலைக்கு வந்து, ஒரு வாரம் பத்து நாள் சமமாகப் போனதும் பயிற்சியைக் கூட்டுங்கள். அடுத்த டோஸ் குறைப்புக்கு முன் மறுபடி நிறுத்தி வையுங்கள். இப்படி மாறி மாறிப் போனால் எது எதனால் வந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பயிற்சியே வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். அதிக அளவு ஸ்டீராய்டு தசைப் புரதத்தைச் சிதைக்கும். குறிப்பாகச் சட்டென்று விசை தரும் வகைத் தசைநார்களைத்தான் முதலில் தாக்கும். இடுப்பு, தொடை, தோள் ஆகியவை மெலியும். இதில் வலி இருக்காது, அதுதான் சிக்கல். வலி இல்லாததால் ரொம்ப நாள் யாரும் கவனிக்க மாட்டார்கள். படியேறும்போது கைப்பிடியைப் பிடிப்பது பழக்கமாகிவிடும், தாழ்வான சோபாவிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கும், தலை வாரும்போது கை அசந்துவிடும். தசை பாதிப்பைக் காட்டும் சிகே என்ற ரத்தச் சோதனை கூட இதில் பெரும்பாலும் இயல்பாகவே வரும். 10 மி.கி.க்குக் கீழே இது அரிது. டோஸ் குறையக் குறையத் தசை திரும்பும், ஆனால் சும்மா படுத்துக் கிடந்தால் வேகமாகத் திரும்பாது.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சுவரோடு ஒட்டிய, ஆடாத நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கையை ஊன்றாமல் முழுதாக எழுந்து நின்று, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். ஒன்று கூட முடியவில்லை என்றால் அதையும் எழுதி வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் இதுவே உங்கள் முதல் பயிற்சி. எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது, பிடிமானத்தோடு குதிகாலைத் தூக்கி நிற்பது ஆகியவற்றையும் சேர்த்தால் வாரத்துக்கு இரண்டு நாளுக்குப் போதுமான வலுப் பயிற்சி ஆகிவிடும்.

நடை இதற்கு மேல் தினமும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் வலுப் பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. டோஸ் குறைக்கும் காலத்தில் அதை இலக்காக வைத்துக்கொள்ளலாமே தவிர, எட்டவில்லை என்று மனம் உடையத் தேவையில்லை. சில வாரம் பத்து நிமிடம் மட்டுமே முடியும், போகட்டும். குறைந்த டோஸில் இருப்பவர்களுக்குப் பின்மாலையில் தெம்பு வடிந்துவிடுவது சகஜம், ஆகவே காலை மாத்திரைக்கு அப்புறம் சில மணி நேரத்துக்குள் பயிற்சியை வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

ஒரு எச்சரிக்கை. அதிக டோஸில் இருக்கும்போது ஸ்டீராய்டு பலருக்கு ஒரு பொய்த் தெம்பைக் கொடுக்கும். தூக்கம் வராது, வலி தெரியாது, மலையையே புரட்டலாம் என்று தோன்றும். தசையும் எலும்பும் பலவீனமாகிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்தான் இந்த உற்சாகம். அப்போது தூக்கிய எடையை 8 மி.கி.க்கு வந்தபின் ஒப்பிட்டு, உடம்பு பின்னால் போகிறதே என்று கவலைப்படாதீர்கள்.

எலும்பு விஷயத்தில் தேய்மானம் முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு என்றால் எலும்பு அடர்த்திச் சோதனை, கால்சியம், வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடல் எடையைத் தாங்கி நிற்கும் பயிற்சிகள் எலும்புக்கு நல்லது. ஆனால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் முதுகை முன்னால் வளைத்து எடை தூக்குவது, குனிந்தபடி முறுக்குவது, குதிப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்; முதுகெலும்பு நசுங்கும் அபாயம் இருக்கிறது. தொடை இடுக்கில் ஆழமாக, கால் ஊன்றும்போதெல்லாம் வலித்தால், பயிற்சியைத் தொடராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இடுப்புப் பந்துக் கிண்ண மூட்டின் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துப்போகும் பாதிப்பு ஸ்டீராய்டால் வரக்கூடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து கூடுகிறது.

சர்க்கரை நோயும் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு ஏற்றிய சர்க்கரைக்காகக் கூட்டிய இன்சுலினையோ மாத்திரையையோ, ஸ்டீராய்டு குறையும்போது கூடவே குறைக்க வேண்டிவரும். அதை மறந்துவிட்டு நடைப்பயிற்சியையும் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

பொறுக்கக் கூடாத நேரம்

கடுமையாக உழைக்கும்போது ஆரோக்கியமான உடம்பு கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். சோம்பிய சுரப்பியால் அது முடியாது. அரை மணி நேர நடைக்கோ வழக்கமான வலுப் பயிற்சிக்கோ இது பொருட்டில்லை, கூடுதல் மாத்திரையும் தேவையில்லை. மாரத்தான், நாள் முழுக்க மலையேற்றம் போன்ற நீண்ட உழைப்பு என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு இன்னொரு செய்தி: வாய்வழி ஸ்டீராய்டு, போட்டிக் காலத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கான அனுமதி பெறாமல் இறங்கக் கூடாது.

காய்ச்சலோடு பயிற்சி வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் டோஸைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்கவில்லை, நிற்க முடியாத பலவீனம், குழப்பமான பேச்சு, மயக்கம், கடும் வயிற்று வலி இவை வந்தால் அது அட்ரினல் நெருக்கடியாக இருக்கலாம். வீட்டில் படுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றுவார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன் என்று எழுதிய ஒரு அட்டை பர்ஸில் இருந்தால், நீங்கள் பேச முடியாத நிலையிலும் அது பேசும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம், தினமும் ஒரு வரி போதும். இப்படி: “7 மி.கி., மூன்றாம் நாள். காலை விறைப்பு 20 நிமிடம். நடை 25 நிமிடம். நாற்காலி 8+8. மாலை அசதி, வீக்கம் இல்லை. தூக்கம் சரி.” ஒரு மாதத்து வரிகளைச் சேர்த்துப் பார்த்தால், டோஸ் குறைந்த முதல் வாரத்தில் மட்டும் விறைப்பு கூடி அப்புறம் இறங்குகிறதா, அல்லது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறதா என்பது தெரிந்துவிடும். முதலாவது என்றால் பெரும்பாலும் விலகல் அறிகுறி. இரண்டாவது என்றால் அடுத்த குறைப்புக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். “ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்” என்பதை விட இந்த வரிகள் அவருக்கு அதிகம் உதவும்.

எல்லோரும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுவதில்லை. சிலருக்கு நோயின் தன்மையைப் பொறுத்து 5 மி.கி. அருகிலேயே நீண்ட நாள் இருக்கச் சொல்வார்கள். சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறு மருந்தைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைப்பார்கள். பூஜ்ஜியத்துக்கு வந்தவர்களும் அந்த அட்டையை உடனே கிழித்துப் போட வேண்டாம். கடைசி மாத்திரைக்கு அப்புறம் ஒரு வருடம் வரை, எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னாலும், எந்தக் கடுமையான நோயின்போதும், முன்பு ஸ்டீராய்டு சாப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும்.